பழைய ஓகனைத் தூக்கி எறியாதீர்கள்!

மின்கருவி திருத்துகிறவனுக்கு எத்தனையோ சந்தோஷங்கள் உண்டு. ஆனால் பழைய டிரான்சிஸ்டர் ஓகன் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, எந்தக் கட்டை பேசுகிறது, எது ஊமையாகிவிட்டது என்று காதால் கேட்டே பழுதைப் பிடிக்கிறோமே, அதற்குக் கிட்ட எதுவும் வராது. இதை யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டு பக்கத்தாலும் உப்புக்காற்று. பூட்டும் சைக்கிள் செயினும் துருவேறுகிற இந்த மண்ணில், மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால்தான் சத்தம் வரும் என்கிற கருவி எப்படித் தப்பும்? அதனால்தான் கல்லடிப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள தேவாலயங்களிலிருந்தும், இசைக்குழுப் பொடியன்மாரிடமிருந்தும் பழைய ஓகன்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: "நானா, சில கட்டை கதைக்குதில்ல. இனி இது சரிவராதுதானே?"

சரிவரும்! எந்தெந்தக் கட்டை என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை ஓகனே சொல்லிவிடும்.

அந்தக் காலத்து ஓகனில் அதிர்வைப் பிறப்பிக்கிற ஒசிலேட்டரைக் கட்டைக்கு ஒன்று என்று வைக்கவில்லை. மேல் ஸ்தாயியின் 12 சுரங்களுக்கு 12 ஒசிலேட்டர்கள், அவ்வளவுதான். கீழே உள்ளதெல்லாம் வகுத்து எடுத்தவை. மேலே விநாடிக்கு 1760 தடவை அதிர்கிற 'ஏ' சுரம் ஒரு டிவைடருக்குள் போய் 880 ஆக வெளியே வரும். அடுத்த டிவைடரில் 440, பிறகு 220, பிறகு 110. 1962இல் வந்த வொக்ஸ் கொண்டினென்டலைத் திறந்தால் சுரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு போர்ட்கள் வரிசையாக நிற்கும். பார்க்கவே ஆசையாக இருக்கும்!

இப்போது பழுது எப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது என்று பாருங்கள். எல்லா ஸ்தாயியிலும் 'ஏ' ஊமையா? தலையில் இருக்கிற ஒசிலேட்டர் போய்விட்டது. மேலே இரண்டு 'ஏ' பேசி, அதற்குக் கீழ் எல்லாம் செத்துக் கிடக்கிறதா? பேசுகிற கடைசி 'ஏ'க்கும் பேசாத முதல் 'ஏ'க்கும் நடுவில் இருக்கிற டிவைடர்தான் ஆள். மேலும் கீழும் பேசி, நடுவில் ஒரே ஒரு கட்டை மட்டும் அடங்கியிருந்தால் சர்க்கிட்டைத் தொடவே வேண்டாம். அந்தக் கட்டையின் கொன்டாக்ட்டில் உப்புப் படிந்திருக்கும். மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே, நூற்றுக்கணக்கான டிரான்சிஸ்டர்களுக்குள் பழுது ஓரிடத்துக்கு வந்து நிற்கிறது. எனக்கு இன்றைக்கும் இது அதிசயம்தான்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. விஞ்ஞானப் பட்டதாரியான அவர், பழந்தமிழ் யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டு மீட்டெடுத்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. யாழில் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் சுரம் ஒரு ஸ்தாயி ஏறும். ஓகனில் அதிர்வைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும். இரண்டிலும் ஓடுவது அதே இரண்டு என்கிற எண்தான். கல்லடியில் அவர் பெயரால் நடக்கும் அழகியல் கற்கைகள் நிறுவகத்தின் பக்கம் போகும்போதெல்லாம் இதுதான் எனக்கு ஞாபகம் வரும்.

அடுத்தது இரைச்சல். ஓகனைப் போட்டதும் வண்டு போல "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வருகிறதா? வொலியூமை அடியோடு குறையுங்கள். அப்போதும் சத்தம் அப்படியே இருந்தால் குற்றம் வொலியூமுக்குப் பிறகு, அம்ப்ளிஃபயரில் அல்லது பவர் சப்ளையில். சத்தம் சேர்ந்து அடங்கினால் வொலியூமுக்கு முன்னால் தேட வேண்டும். நம் நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். டயோட் பாலத்தைத் தாண்டியதும் அது 100 ஆகிறது. பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டர் காய்ந்துபோனால் இந்த 100தான் ஸ்பீக்கரில் கேட்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று: கீழே 'ஜி' கட்டையை அழுத்துங்கள். அதன் அதிர்வு 98. ஓகன் சுருதி சுத்தமாக இருந்தால், 98ம் 100ம் மோதி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு தடவை சத்தம் எழுந்து தாழும். பழுதான கருவியே பழுதை அளக்கிற கருவியாகிவிடுகிறது, இதைவிட என்ன வேண்டும்!

கப்பாசிட்டர் காய்வதற்கு நம் வெயிலும் காரணம். சூடு 10 பாகை கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். ஓகனைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றுப் போக இடம் விடச் சொல்வது அதனால்தான். இன்னொன்று, இது உயிர் விஷயம்: பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டரால் அதை இறக்காமல் உள்ளே விரல் வைக்கவே கூடாது.

கொன்டாக்ட்டுக்கு உப்புத்தாள் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். மேலே பூசியிருக்கும் மெல்லிய உயர் உலோகம் போய்விட்டால் பிறகு உப்புக்காற்றுக்குக் கொண்டாட்டம்தான். ஐசோப்ரோபைல் அல்கஹோலும் நூல் உதிராத துணியும் போதும். பொறுமையாகத் துடைத்துவிட்டு அழுத்திப் பாருங்கள், கரகரப்புப் போய்ச் சுரம் எழும்பும் பாருங்கள், அடடா!

1970களில் ஒரே சிப் அந்த 12 ஒசிலேட்டர்களின் வேலையையும் எடுத்துக்கொண்டது. மொஸ்டெக்கின் 50240 சிப், ஏறத்தாழ 20 இலட்சம் ஹேர்ட்ஸை 239 முதல் 478 வரையான எண்களால் வகுத்து ஒரு ஸ்தாயியையே தந்துவிடும். கெட்டிக்கார வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது போனால் எல்லாச் சுரமும் ஒன்றாகப் போகும். துப்புத் துலக்க இடமே கிடையாது. என் மனசு அந்தப் பன்னிரண்டு போர்ட்களோடுதான்.

அதனால் வீட்டிலோ பள்ளிக்கூட மூலையிலோ பழைய ஓகன் ஒன்று தூசு பிடித்துக் கிடந்தால் இரும்புக்காரரைக் கூப்பிட வேண்டாம். மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, ஊமையானவற்றை ஒரு தாளில் குறியுங்கள். ஓகன் பிறகு வரட்டும், முதலில் அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்.