நிறப்பலகையும் குடியிருப்போரும்

ஓர் அறைக்கு வண்ணந் தீட்டுமுன் நிறத்துண்டுகளைப் பலகையொன்றில் அருகருகே அமைத்து, அவை தரும் உணர்வை முற்கூட்டியே அறிய முயல்வது இன்றைய உள்ளக வடிவமைப்பாளரின் வழக்கம். வணிக நிறுவனங்களும் தமது அடையாள நிறங்களை இவ்வாறே தெரிவு செய்கின்றன. இம்முறையின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேர உணர்த்துவன, கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே 1931இல் சுவிற்சர்லாந்தின் சலூப்ரா சுவர்த்தாள் நிறுவனத்துக்கு ஆக்கியளித்த 'நிற விசைப்பலகைகள்' ஆகும்.

43 நிறங்கள் அத்தொகுப்பில் இடம்பெற்றன. 'வெளி', 'வானம்', 'மணல்', 'நிலக்காட்சி' என, பலகைகள் தாம் எழுப்பும் உணர்வாற் பெயர் பெற்றன. அகன்ற பட்டைகள் பின்னணியாக அமைய, அவற்றினிடையே சிறு நிறத்துண்டுகள் வரிசையுற்றன. துளையிட்ட அட்டையொன்றை மேலே வைத்து நகர்த்தினால் சில நிறங்கள் மட்டும் தனித்துத் தோன்றும். நீலம் சுவரைப் பின்னகர்த்தும். செந்நிறம் அதனை நிலைநிறுத்தும் என்பது அவர் கொள்கை. ஆகவே நிறம் அவருக்கு வெறும் அலங்காரமன்று. வெளியை ஒழுங்குசெய்யும் கருவியாகும். தெளிவற்ற இரசனையைக் கண்ணாற் பரிசோதிக்கத்தக்க முறையாக மாற்றியமை அவரது சாதனை எனலாம்.

ஆயினும் இச்சுதந்திரம் வரையறைக்குட்பட்டது. பயன்படுத்துவோர் தெரிவு செய்யலாம். தெரிவுக்குரியவை எவையென்பதைத் தீர்மானிக்க இயலாது. அந்நிறங்கள் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பண்டங்களுமாகும்.

இம்முரண்பாட்டின் மறுபக்கத்தைப் பெசாக் காட்டுகின்றது. பிரான்சின் போர்தோ நகருக்கு அண்மையில், தொழிலதிபர் ஹென்றி புரூஷேயின் ஆதரவில் 1924 முதல் 1926 வரை லெ கொர்புசியே அமைத்த குடியிருப்பு அது. அதன் புறச்சுவர்களின் நிறங்களையும் அவரே வகுத்தார். காலப்போக்கிற் குடியிருந்தோர் நீள்சாளரங்களைக் குறுக்கினர், கூரைகளைச் சேர்த்தனர், சுவர்களுக்கு வேறு நிறந் தீட்டினர். இதனைச் சிதைவென்றே பலர் கண்டனர். ஆனால் 1969இல் வெளிவந்த பிலிப் பூடோனின் ஆய்வோ, அம்மாற்றங்களுக்கு இடமளித்தமை அவ்வடிவமைப்பின் பண்பே என நோக்கியது. பின்னர் சில வீடுகள் பழைய நிறங்களுக்கு மீட்கப்பட்டன. 2016இல் அக்குடியிருப்பு உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

மக்களின் அறியாமையென்றோ கலைஞனின் ஆணவமென்றோ இதனை எளிதில் முடித்துவிடல் பொருந்தாது. பலகையிலுள்ள துண்டு கணப்பொழுதிற் பார்க்கப்படுவது. சுவரோ பல்லாண்டுகள் உடன்வாழ்வது. வெயிலும் மழையும் புகையும் பழக்கமும் அதன் பொருளை மாற்றுகின்றன. எனவே நிறப்பலகையை முடிந்த தீர்ப்பாகவன்றி, குடியிருப்போருடன் தொடங்கும் உரையாடலாகக் கொள்வதே தகும். அவ்வுரையாடலுக்கு இடமளியாத பலகை, எத்துணை அழகியதாயினும், விற்பனைப் பட்டியலாகவே எஞ்சும்.