இடிப்பாணையை ஒரு பிரதியாக வாசித்தல்

பாலஸ்தீனம் என்றதும் நம் சிறுபத்திரிகைச் சூழலில் சில படிமங்கள் வரிசையாக வந்து நின்றுவிடும். ஆலிவ் மரம், பூட்டிவிட்டு வந்த வீட்டின் சாவி, கல்லெறியும் சிறுவன். நுஃமானின் மொழிபெயர்ப்பில் பாலஸ்தீனக் கவிதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்புதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஆலிவ் கன்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்தத் தண்ணீருக்கு யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்கிற கேள்வி நம்முடைய 'ஆதரவு' எழுத்துக்களில் அநேகமாக எழுந்ததே இல்லை. இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது கவிதையை அல்ல. மேற்குக் கரையின் 'சி' பகுதி விவசாயிக்குக் கிடைக்கிற ஒரு அச்சடித்த படிவத்தை. ஆள் இருந்தால் கையில் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் அந்த இடத்திலேயே ஒரு கல்லுக்கடியில் செருகிவிட்டுப் போவார்கள். இடிப்பாணை.

இடிக்கப்படப் போவது என்ன? ஹெப்ரோனுக்குத் தெற்கே உள்ள குன்றுகளில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து செய்த மழைநீர்த் தொட்டி. வாய் குறுகலாக இருக்கும், உள்ளே குடம்போல அகன்றுகொண்டே போகும். உட்புறம் சாந்து பூசியிருப்பார்கள். குளிர்காலத்தில் சரிவில் ஓடிவரும் மழைநீரை வாய்க்கால் வெட்டி அதற்குள் திருப்பிவிட்டால் கோடையில் மனிதருக்கும் ஆட்டு மந்தைக்கும் ஆகும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொட்டிகளும் அங்கே உண்டு. இஸ்ரேல் என்கிற அரசுக்கும், அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கும், அதற்கும் முந்தைய உதுமானியருக்கும் மூத்தவை அவை.

படிவம் இதைத் தொட்டி என்று சொல்வதில்லை. 'அனுமதி பெறாத கட்டுமானம்' என்கிறது. இந்தப் பெயர் மாற்றத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 1967 ஜூனில் ஆக்கிரமிப்பு. ஆகஸ்டில் 92ஆம் எண் ராணுவ ஆணை, தண்ணீர் மீதான அதிகாரம் முழுவதும் ராணுவத் தளபதியின் கைக்குப் போகிறது. நவம்பரில் 158ஆம் எண் ஆணை, அனுமதியில்லாமல் யாரும் நீர் அமைப்பு எதையும் நிறுவக் கூடாது என்கிறது. ஆக்கிரமித்த ஆறு மாதத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது. அவசரம் எதற்கென்று புரிகிறதல்லவா? 1971இல் 418ஆம் எண் ஆணை வந்து ஜோர்டான் சட்டப்படி கிராம, மாவட்ட அளவில் இருந்த திட்டமிடல் குழுக்களைக் கலைத்தது. 1982இல் குழாய் அமைப்புகள் இஸ்ரேலின் மெக்கரோத் நிறுவனத்திடம் போயின. 'சி' பகுதியில் அனுமதி தருகிற அல்லது மறுக்கிற அலுவலகத்துக்குப் பெயர் 'சிவில் நிர்வாகம்'. ராணுவத்தின் ஒரு பிரிவுக்கு இப்படியொரு பெயர் வைக்கிற கற்பனை வளத்தை எந்த நாவலாசிரியனிடமும் நான் பார்த்ததில்லை.

அனுமதி கேட்டுப் பெற்றால்தான் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. நல்லெண்ணமுள்ள லிபரல் நண்பர்கள். அனுமதி கிடைக்க வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட திட்டவரைவு இருக்க வேண்டும். 'சி' பகுதி என்பது மேற்குக் கரையில் 60 சதவீதத்துக்கு மேல். பாலஸ்தீனர் கட்டிக்கொள்வதற்கென வரைவு போட்டிருப்பது அதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. மிச்ச இடத்துக்கு 1940களின் பிரிட்டிஷ் வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, 'இது விவசாய நிலம், இங்கே கட்டக் கூடாது' என்று சொல்லி அனுப்பிவிடலாம். விவசாய நிலம் என்பதால் விவசாயத்துக்கான தண்ணீர்த் தொட்டிக்கு இடமில்லை! பழைய தொட்டியைத் தூர்வாரி, மறுபடி சாந்து பூசினால்கூட அது புதுக் கட்டுமானம் என்று ஆணை வந்திருக்கிறது.

போர்க்காலத்தில் சிவிலியன் சொத்தை அழிப்பதை ஜெனிவாவின் நான்காவது ஒப்பந்தம், 53ஆம் பிரிவு, தடை செய்கிறது. ராணுவ நடவடிக்கைக்கு முற்றிலும் தவிர்க்க முடியாதது என்றால் மட்டும்தான் விலக்கு. ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டியை ராணுவத் தேவை என்று சொல்லி இடிக்க முடியாது. ஆகவே திட்டமிடல் விதி தேவைப்படுகிறது. விவசாயி எதிரியாக இருந்தால் அவனுக்குச் சில சர்வதேச உரிமைகளாவது மிஞ்சும், விதிமீறியவனாக ஆக்கிவிட்டால் அதுவும் போச்சு. படிவத்தில் போர் இல்லை, ஆக்கிரமிப்பு இல்லை, பாலஸ்தீனம் என்கிற சொல் இல்லை. ஒரு நகராட்சி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அதன் வன்முறை இந்தச் சாதுவான தொனியில்தான் குடியிருக்கிறது.

இதற்குக் கீழே இன்னொரு பழைய பிரதி கிடக்கிறது. 1858ஆம் ஆண்டின் உதுமானிய நிலச் சட்டம். மிரி வகை நிலத்தைத் தொடர்ந்து பயிரிட்டால் உரிமை. மூன்றாண்டு தரிசாகப் போட்டால் உரிமை அரசுக்குத் திரும்பலாம். எலோன் மோரே குடியேற்ற வழக்கில் 1979இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தனியார் நிலத்தை 'ராணுவத் தேவை' என்று எடுப்பதற்குத் தடை போட்டதும், அரசு இந்த உதுமானியச் சட்டத்தைத்தான் தூசி தட்டி எடுத்தது. பயிரிடாத நிலங்களைப் பெருமளவில் 'அரசு நிலம்' என்று அறிவித்தது. இரண்டையும் சேர்த்து வையுங்கள். தொட்டியை இடி, பயிர் போகும், நிலம் தரிசாகும், தரிசு அரசுடையதாகும். தொட்டிக்கு வந்த ஆணை தொட்டியோடு நிற்பதில்லை.

ஆகவே 'தண்ணீர்ப் பற்றாக்குறை' என்று அறிக்கைகள் எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. ரமல்லாவில் பெய்கிற மழை லண்டன் மழைக்குக் குறைந்ததல்ல. அம்னஸ்டி 2009இல் சொன்ன கணக்குப்படி பாலஸ்தீனருக்கு நாளொன்றுக்குத் தலைக்குச் சுமார் 70 லிட்டர், இஸ்ரேலியருக்குச் சுமார் 300. இதை இயற்கையின் தலையில் கட்டுவது மோசடி. 1995இன் ஓஸ்லோ ஒப்பந்தம் உருவாக்கிய 'கூட்டு நீர்க் குழு'வும் இதே வகைதான். இரு தரப்பும் ஒப்பினால்தான் எதுவும் நடக்கும் என்பது விதி. ஏற்கனவே எல்லாத் தண்ணீரையும் கையில் வைத்திருப்பவனுக்கு எதுவும் நடக்காமல் இருந்தாலே லாபம். ஆதிக்கத்துக்கு 'ஒத்துழைப்பு' என்று உடை மாட்டியிருக்கிறார்கள் என்று ஜான் செல்பி எழுதியது இதைத்தான்.

சூசியாவைப் பாருங்கள். 1986இல் அந்த இடத்தைத் தொல்லியல் பகுதி என்று அறிவித்து அங்கே குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். பக்கத்தில் தங்கள் விளைநிலத்திலேயே குடிசை போட்டுக்கொண்டார்கள். 2001இல் ராணுவம் வந்து அவர்களுடைய குகைகளை இடித்தது, தொட்டிகளைத் தூர்த்தது. வேலிக்குள்ளே இருக்கிற தொட்டி பாதுகாக்கப்பட்ட புராதனம், வெளியே அதே பாறையில் அதே மாதிரி இருக்கிற தொட்டி சட்டவிரோதக் கட்டுமானம்.

எதிர்ப்பு எப்படி? இங்கேதான் நம் கோட்பாட்டாளர்களுக்குச் சிக்கல். நீதிமன்றத்துக்குப் போனால் 'அனுமதி' என்கிற சொல்லாடலை ஏற்றுக்கொண்டதாகிறது என்பார்கள். தர்க்கம் சரி. ஆனால் வழக்குப் போட்டால் இரண்டு மழைக்காலம் தள்ளிப்போகும், அதற்குள் ஆடு ஈனும், கன்று வேர் பிடிக்கும். அந்த விவசாயிகள் பகலில் வக்கீலைப் பார்க்கிறார்கள், ராத்திரியில் தொட்டியைத் தோண்டுகிறார்கள். இரண்டுக்கும் முரண் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. இந்தத் தள்ளிப்போடலையும் வெட்டத்தான் 2018இல் 1797ஆம் எண் ஆணை: புதுக் கட்டுமானம் என்று கருதினால் நோட்டீஸ் கொடுத்து 96 மணி நேரத்தில் அகற்றிவிடலாம்.

2023 அக்டோபருக்குப் பிறகு பல இடங்களில் காகிதமே தேவைப்படவில்லை. ஆயுதத்தோடு குடியேறிகள் வந்தார்கள். ஜனூத்தா என்கிற சிற்றூர் அந்த மாதமே காலியானது. 2024இல் உச்ச நீதிமன்றம் ஊர்க்காரர்கள் திரும்பிப் போகலாம் என்றது. போனார்கள். வீடுகள் இடிந்து கிடந்தன. சுவர் எழுப்பவோ கூரை போடவோ கூடாது, அதற்கு அனுமதி வேண்டும் என்றது சிவில் நிர்வாகம். கொஞ்ச நாளில் மறுபடி வெளியேறினார்கள்.