பாருக்கு ஒரு பக்கக்குறிப்பு

போன மே மாதம் தூத்துக்குடியில் ஒரு சின்ன வாசகர் சந்திப்புக்குப் போயிருந்தேன். தமிழின் முதல் அச்சுப் புத்தகங்களைப் பற்றிப் பேச்சு. உட்காரும் முன்பே நான்கு பக்கத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்த ஊர் மே மாத வெயிலில் இப்படிக் கிடைக்கிற தாளை விசிறிக்கொள்ளத்தான் தோன்றும். இதை விசிறவில்லை, வாசித்தேன். அவ்வளவு அழகாக இருந்தது.

ஏ4 தாளில் இடது பக்கம் மூன்றில் இரண்டு பங்குதான் கட்டுரை. மீதி வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெள்ளையில் அங்கங்கே சின்ன எழுத்தில் குறிப்புகள், எந்த வரிக்கு உரியதோ அந்த வரிக்கு நேராகவே. பக்கத்தின் அடிக்குப் போய்த் தேடித் திரும்ப வேண்டியதில்லை, கண்ணைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் போதும். செய்தவர் கல்லூரி முடித்து இரண்டு வருஷம் ஆன ஒரு பெண். கடைசிப் பக்கத்தில், இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று எட்வர்டு டஃப்டியைப் பற்றி ஒரு பத்தியும் நன்றியோடு போட்டிருந்தார்.

டஃப்டியைத் தெரியாதவர்களுக்காக: அமெரிக்கப் புள்ளியியல் பேராசிரியர். எண்களைப் படமாகக் காட்டுவது பற்றிய தன் முதல் பெரிய புத்தகத்தை, தான் நினைத்த மாதிரி அச்சிடப் பதிப்பகங்கள் இணங்காது என்று, வீட்டை அடமானம் வைத்து 1983இல் தானே வெளியிட்டார். படம், குறிப்பு, மேற்கோள் எல்லாம் அதைப் பேசும் வரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்தப் பக்க அமைப்பைப் பின்னாளில் சிலர் லேடெக்கில் ஒரு வார்ப்பாகச் செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். புத்தகத்துக்கு ஒன்று, வகுப்பில் கொடுக்கும் தாளுக்கு ஒன்று. உலகம் முழுக்கக் கணித, இயற்பியல் மாணவர்கள் அதில்தான் அழகு காட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஆட்களும் இப்போது இறங்கிவிட்டார்கள். நல்லதுதான்.

ஆனால் அந்த வார்ப்பு தமிழை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதில்லை. ஓரப்பத்தியின் அகலம் பன்னிரண்டு பைக்கா, அதாவது ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஐந்தாறு சொற்கள் அதில் சுகமாக உட்காரும். தமிழில் இரண்டு, மூஞ்சியைச் சுருக்கினால் மூன்று. நம் சொற்கள் வேற்றுமை உருபையும் சாரியையையும் வாலாகக் கட்டிக்கொண்டு வருபவை. 'முத்துக்குளித்துறையினருக்கு' என்று ஒரு சொல் வந்தால் முந்தைய வரி பாதியிலேயே நின்றுவிடும். மேலிருந்து பார்த்தால் ஓரப்பத்தி எலி கடித்த துணி மாதிரி இருக்கும். பழைய ஈய எழுத்துக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. வரி எங்கே முடிகிறதோ அங்கே சொல்லை உடைத்து, இணைப்புக்கோடுகூடப் போடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள், வாசகனும் கூடவே போவான். கணினி வந்தபிறகு ஆங்கிலத்தைப் பார்த்து நாம் அந்தச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தோம். அந்தப் பெண் அதைத் திரும்பப் பிடித்திருந்தார். ஓரக்குறிப்புகளில் மட்டும் சொற்கள் அசையில் உடைந்து, கோடில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கியிருந்தன. முதல் நிமிஷம் உறுத்தியது, மூன்றாம் குறிப்பில் பழகிவிட்டது. இந்தத் தாளின் மிக நல்ல முடிவு இது என்பேன்.

இன்னொரு இடத்தில் சறுக்கியிருக்கிறார். டஃப்டி பாணியில் ஒவ்வொரு பகுதியின் முதல் சில சொற்களும் குட்டித் தலைப்பெழுத்துகளில், எழுத்துக்கு எழுத்து சற்று இடைவெளி விட்டு வரும். தமிழில் தலைப்பெழுத்தே இல்லை. அதனால் இடைவெளியை மட்டும் எடுத்துக்கொண்டார். விளைவு, 'கொ'வில் கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவில், கால் ஒரு பக்கம் என்று மூன்றும் சண்டை போட்டுக்கொண்ட மாதிரி நிற்கின்றன. சாய்வெழுத்தும் அதே கதைதான். நமக்குச் சாய்வெழுத்து என்று ஒரு மரபு கிடையாது, மென்பொருள் நேரெழுத்தைத் தள்ளிவிடுகிறது, அவ்வளவுதான். அழுத்தம் வேண்டும் என்றால் தடித்த எழுத்து, அளவு, இடம், நிறம் என்று நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

சரி, ஓரம் என்ற ஒன்று நமக்கு இருந்ததா? பனையோலையை நினைத்துப் பாருங்கள். அகலம் கை நீளத்துக்கு இருக்கும், உயரம் இரண்டு விரல் அளவு. இடது ஓரத்தில் ஏட்டெண் வரும், கயிறு கோக்கத் துளை வரும். உரையை ஓரத்தில் தொங்கவிட அங்கே ஏது இடம்? ஐரோப்பியத் தோல் சுவடிகளில் மூலம் நடுவில் இருக்க, உரை நாலு பக்கமும் வேலி கட்டிக்கொண்டு நிற்கும். நம் ஏட்டில் மூலம் முடிந்ததும் அதே வரியில், அதே அளவு எழுத்தில் உரை தொடரும். நச்சினார்க்கினியருக்குச் சின்ன எழுத்து என்ற அவமானம் நேர்ந்ததே இல்லை. அச்சுக்கு வந்தபோது உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியிலும், 1894இல் புறநானூற்றிலும், பிறகும் அடிக்குறிப்பையே பாடவேறுபாடுகளுக்கும் ஒப்புமைகளுக்குமான இடமாக வளர்த்தார். ஆக, குறிப்பு நமக்குக் காலடியில் வந்தது, பக்கவாட்டில் அதிகம் வரவில்லை. பக்கவாட்டில் நாம் அதிகம் பார்த்தது பழைய சட்டப் புத்தகங்களில்தான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓரத்தில் ஒரு சுருக்கம் இருக்கும். அந்த ஓரச் சுருக்கத்தை வைத்துச் சட்டத்தின் பொருளை மாற்ற முடியாது என்று நீதிமன்றங்கள் பொதுவாகச் சொல்லும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

தாள் பேசிய விஷயமே கையில் கொடுக்கும் தாளைப் பற்றியதுதான். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று நாம் கொண்டாடும் 'தம்பிரான் வணக்கம்' மொத்தம் பதினாறே பக்கம். 1578 அக்டோபர் 20, கொல்லம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பிரதி இருக்கிறது. செய்தவர் அண்டிரிக் அடிகளார். 1547 வாக்கில் இந்தக் கரைக்கு வந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து, 1600இல் புன்னைக்காயலில் செத்துப்போன போர்த்துகீசியர். அச்சகத்துக்கு இந்தக் கரையின் பரவர்கள் நானூறு குருசாதோ கொடுத்தார்கள் என்பது பதிவில் உள்ள செய்தி. வாசகர்களே காசு போட்டு அச்சடித்துக்கொண்ட புத்தகம், இன்றைய மொழியில் சொன்னால் முன்பதிவுத் திட்டம்.

அந்தப் பதினாறாம் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே இரண்டு எழுத்துத் தொகுதிகளை மாதிரி காட்டியிருக்கிறார்கள்: 1577இல் கோவாவில் வெட்டியது, 1578இல் கொல்லத்தில் வெட்டியது. எழுத்தில் புள்ளி கிடையாது, ஓலையில் எழுதியது போலவே. புதுக் கருவியைப் பழைய கண்ணுக்குப் பழக்கியிருக்கிறார்கள். டஃப்டி வார்ப்பை எடுத்துக்கொண்ட நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இதற்கு இருபத்து நான்கு வருஷம் முன்னால், 1554இல், லிஸ்பனில் ஒரு 'கார்த்தில்யா' அச்சானது. தமிழ்தான், ஆனால் ரோமன் எழுத்தில். வரிகளுக்கிடையே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியப் பொருள். அது யாருக்கான புத்தகம் என்பது பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தமிழைக் கற்றுக்கொள்ள வேண்டிய பாதிரிக்கு. பொருள் விளக்கம் யார் மொழியில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பக்கத்தின் வாசகர். 1578இல் வாசகர் மாறுகிறார். தலைப்பிலேயே பாருங்கள், கடவுளுக்கு 'தம்பிரான்' என்ற சொல். சைவம் புழங்கிய சொல்லைத் தூக்கி வைத்துக்கொண்டார், குறிப்பே தேவையில்லாமல் போயிற்று. அதேசமயம் அடுத்த வருஷம் 'கிரிசித்தியானி வணக்கம்', 1580இல் 'கொம்பெசியோனாயரு' என்று போர்த்துகீசியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே உட்கார வைத்தார். எதை மொழிபெயர்ப்பது, எதை வேண்டுமென்றே அந்நியமாக விடுவது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அதை ரொம்பவும் புகழவும் வேண்டாம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆட்களைத் தயார் செய்ய அச்சான புத்தகங்கள் இவை, கேள்வி கேட்பவர் யார் என்பது முதலிலேயே முடிவானது.

1586இல் வந்த பெரிய புத்தகம், அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும் 'அடியார் வரலாறு', புன்னைக்காயலில் அச்சானதாகப் பெரும்பாலும் சொல்கிறார்கள். வத்திக்கானில் இருந்த பிரதியை 1950களில் தனிநாயகம் அடிகள் வெளிச்சத்துக்குக் கொண்டுவர, 1967இல் இராசமாணிக்கம் அடிகள் பதிப்பில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகமே அதை வெளியிட்டது. ஆக, இந்த ஊருக்கு இதையெல்லாம் யாரும் வெளியிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் அந்த அழகான தாளோடு எனக்குத் தகராறு.

சந்திப்புக்கு ஒரு அண்ணாச்சி வந்திருந்தார். வாலிபத்தில் சங்கு குளித்தவர். தாளை எட்டப் பிடித்து வாசித்துக்கொண்டே வந்தவர் இரண்டாம் பக்கத்தில் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, பார்னா பாறைன்னு போட்ருக்கிய?"

"அகராதில அப்படித்தான் பார்த்தேன் அண்ணாச்சி."

"பாறைன்னா தலைய முட்டிக்கிட வேண்டியதுதான். பார்னா சிப்பி பிடிச்சி வளருத எடம்லா. மேல மண்ணு கெடக்கும், கீழ கெட்டியா இருக்கும். ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேரு உண்டு. தொலையிரம் பார் கேட்டதில்லியா? பத்துப் பாகம் போவணும், பாத்துக்க."

அந்தப் பெண் அப்போதே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். நான் தாளைத் திரும்ப முதலிலிருந்து புரட்டினேன். எந்தச் சொல்லுக்கெல்லாம் ஓரத்தில் குறிப்பு இருக்கிறது? சலாபம், பார், பாகம், தோணி, குளியாள், சம்மாட்டி. எதற்கெல்லாம் இல்லை? கேட்டகிசம், ஃபோலியோ, வுட்கட், கோலோஃபன். தூத்துக்குடியில், கடற்கரையிலிருந்து நடக்கிற தூரத்தில், தோணிக்குப் பொருள் சொல்லியிருக்கிறது. கோலோஃபன் எல்லோருக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. லிஸ்பன் கார்த்தில்யாவின் வரியிடைப் பொருளைப் போலவே, இந்த ஓரமும் தன் வாசகர் யார் என்று சொல்லிவிடுகிறது. அறையில் பாதிப்பேர் அந்த வாசகர் இல்லை.

இது அந்தப் பெண்ணின் தப்பு மட்டும் கிடையாது. வட்டார நாவல்களின் கடைசியில் சொல்லகராதி போடும் பழக்கம் நமக்கு நன்றாகவே பழகிப்போனது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியைக் கொண்டுவந்தபோது அந்த மண்ணின் சொற்களுக்கு ஒரு தனிப் புத்தகமே கிடைத்தது, அது மரியாதை. நாவலின் வாலில் நாலு பக்கம் ஒட்டுவதை என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. சென்னைப் பேச்சில் எழுதினால் யாரும் அகராதி கேட்பதில்லையே. ஆனாலும் பின்னகராதிக்கு ஒரு அடக்கம் உண்டு. தேவைப்பட்டவர் புரட்டிப் பார்க்கலாம், தேவைப்படாதவர் கண்ணில் படாது. ஓரக்குறிப்பு அப்படி ஒதுங்கி நிற்காது. வரிக்கு நேராக நின்று எல்லோரிடமும் பேசும். சட்டப் புத்தகத்தின் ஓரச் சுருக்கத்துக்கு நீதிமன்றம் அதிகாரம் கொடுக்காமல் இருக்கலாம், வாசிக்கிறவன் கண் கொடுத்துவிடுகிறது. 'பார்: கடலடிப் பாறை' என்று அழகான சின்ன எழுத்தில் இருந்தால், பார் அதன்பிறகு பாறைதான்.

நண்பர் ஒருவர் இதை மறுத்தார். சொல் தெரியாத வெளியூர் வாசகன் என்ன செய்வான், அவனும் வாசகன்தானே என்றார். நியாயம். அவனுக்குக் குறிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து சென்டிமீட்டரில் ஒரு சொல்லுக்கு இணையாக இன்னொரு சொல்லை நிறுத்திவிட்டு நகரும் குறிப்பைத்தான் குறை சொல்கிறேன். டஃப்டியின் ஓரங்களில் அகராதிப் பொருள் அதிகம் இருக்காது, ஆதாரமும் கூடுதல் தகவலும்தான் இருக்கும். கட்டுரைக்குத் தெரியாத ஒன்றை ஓரம் சொல்லும். வார்ப்பை எடுத்துக்கொண்டவர்கள் அதையும் சேர்த்து எடுத்திருக்கலாம். கோலோஃபனுக்கு ஒரு வரி, பாருக்குப் பத்து வரி. 1961இல் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு, அதன்பிறகு சிப்பி சேராத பார்கள், இன்னும் குளிக்கிற சங்கு என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதைச் சொல்லத் தெரிந்தவர் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் பதிப்புக்கு எழுத்துக்கோக்கும் வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கொம்பையும் காலையும் ககரத்தோடு திரும்பச் சேர்த்தேன், சாய்வெழுத்தை எடுத்தேன். அண்ணாச்சி தன் பிரதியின் வெள்ளை ஓரத்தில் நீலப் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்ததை அப்படியே தட்டச்சு செய்தபோது, பாருக்கான குறிப்பு முக்கால் பக்கம் இறங்கி அடுத்த இரண்டு குறிப்புகளின் மேல் ஏறிக்கொண்டது. சுருக்கித் தரலாமா என்று அந்தப் பெண் அவரிடம் போனில் கேட்டார். "எதை எடுக்கணும்னு நீயே சொல்லு" என்றாராம். எதையும் எடுக்கத் தோன்றவில்லை. தாள் நான்கு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்பதால், கடைசிப் பக்கத்தில் டஃப்டியைப் பற்றி இருந்த பத்தியை எடுத்தோம்.