மெட்டி ஒலி, எர்துருல், எங்கள் வீட்டுத் தமிழ்

தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி எமது சமூகத்தில் இரண்டு குரல்களே அதிகம் கேட்கின்றன. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தை ‘ஸீரியல்’ தின்றுவிட்டது என்பது மிம்பரின் குரல். அழுகையும் சூழ்ச்சியும் தவிர அதில் என்ன இருக்கிறது என்று முகம் சுளிப்பது இலக்கியக்காரர்களின் குரல். முதலாவதில் நியாயம் உண்டு. இரண்டாவதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், எமது வீடுகளில் இத்தனை பேர் இவ்வளவு விருப்பத்தோடு இவற்றைப் பார்க்கிறார்களே, அவர்களுக்குக் கிடைக்கும் இன்பம் எத்தகையது என்று இருவருமே கேட்பதில்லை. விமர்சனம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திருமுருகன் இயக்கி, 2002 முதல் 2005 வரை சன் டிவியில் ஓடிய ‘மெட்டி ஒலி’யை எடுத்துக்கொள்வோம். எங்கள் பெண்கள் மெட்டி அணிவதில்லை. அதில் வரும் பூசையும் சடங்கும் எங்களுடையவை அல்ல. இருந்தும் கொட்டாஞ்சேனையில் எங்கள் உம்மம்மா வீட்டு ஹோலில் அந்த நேரத்துக்கு இடம்பிடித்து உட்கார வேண்டியிருந்தது. ஐந்து பெண்பிள்ளைகளைக் கரைசேர்க்க அலையும் சிதம்பரம் எங்களுக்கு அந்நியரல்லர். சீதனம், நகை, வீடு என்று கணக்குப் பார்த்தே நரைத்துப்போன வாப்பாமார் எங்கள் ஒழுங்கை நிறைய இருந்தார்கள். மாமியார் வீட்டில் சரோ வாய்திறக்காமல் நிற்கும்போது உம்மம்மாவுக்குப் பொறுக்காது.

“அந்தப் புள்ளைக்கு வாயொண்டு ஈக்கிதானே! பேசாம ஈந்தா மிதிச்சிட்டுத்தான் போவாளுகள்.”

பெரியும்மா உடனே மறுப்பார்: “பேசினா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. பொறகு வாப்பாட கதி?”

இது வெறும் ஊர்க்கதையல்ல. ஒரு பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது, அதற்கு வேறு வழி இருந்ததா என்று கேட்பது விமர்சனத்தின் அடிப்படைக் கேள்வி. பல்கலைக்கழகத்தில் தமிழ் சிறப்புப் பாடத்துக்குக் கோவலனையும் கண்ணகியையும் வைத்து நாங்கள் செய்ததும் இதைத்தான்.

தொடர்கள் இழுக்கின்றன, ஒரே முகத்தை மூன்று தடவை காட்டுகின்றன என்று கேலி செய்வதுண்டு. தியேட்டரின் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அது குறைதான். வீட்டில் பார்ப்பவரின் நிலை வேறு. குசினியில் கறியைக் கிண்டிக்கொண்டே காதால் ‘பார்க்கலாம்’. தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். அந்த மந்தகதி பேச்சுக்கும் இடம் விடுகிறது. பார்ப்பவர்கள் பேசிப்பேசி நிரப்பும்போதுதான் தொடர் முழுமையடைகிறது. இன்று ஆளுக்கொரு போனும் காதில் ஒரு கருவியுமாக அதே கதைகளைத் தனித்தனியே பார்க்கிறோம். கதை குறையவில்லை, பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

இந்தத் தொடர்களில் நாங்கள் எங்கே இருக்கிறோம்? எப்போதாவது ஒரு ‘பாய்’ வருவார். தொப்பி இருக்கும், நல்ல மனம் இருக்கும். ஆபத்தில் உதவிசெய்து, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவருக்கென்று வீடு கிடையாது. கடன் கிடையாது. மனைவியோடு சண்டை கிடையாது. குறையே இல்லாத மனிதருக்குக் கதையும் இல்லாமற் போகிறது.

அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பதை 2020 இல்தான் தெளிவாக அவதானித்தேன். மார்ச் 20 இல் ஊரடங்கு தொடங்கியது. பள்ளிவாசல்கள் மூடப்பட்டு ரமழானும் தராவீஹும் வீட்டுக்குள் வந்தன. கொவிட்டால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி ஏப்ரலில் வர்த்தமானியாக வந்து, மறு ஆண்டு பெப்ரவரி வரை நீடித்தது. அதே வசந்தத்தில் சன் டிவி ‘மெட்டி ஒலி’யை மறுபடி ஒளிபரப்பியது. துருக்கியின் டிஆர்டி 2014 முதல் 2019 வரை ஒளிபரப்பிய ‘எர்துருல்’, பாகிஸ்தான் தொலைக்காட்சியில் உருதுவில் வரத்தொடங்கி, அதன் பேச்சு எங்கள் வீடுகளையும் எட்டியது.

வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டில் இரண்டும் ஓடின. ‘எர்துருல்’ வரலாறல்ல. அம்மனிதரைப் பற்றி அவர் காலத்துச் சான்றுகள் மிகச் சொற்பம். தொடரில் பெரும்பகுதி கற்பனை. வாளால் தீராத சிக்கலே இல்லை என்ற எளிமை அதன் பெரிய பலவீனம். எங்கள் சிக்கல் எதுவும் வாளால் தீரக்கூடியதல்ல. ஆனாலும் அதில் வுழூச் செய்வதும் பிஸ்மில்லாஹ் சொல்வதும் ஓர் ஆளை முஸ்லிம் என்று காட்டுவதற்கான அடையாளங்களாக வரவில்லை. மூச்சுவிடுவதுபோல இயல்பாக வந்தன. ஒருவர் இறந்தால் தொழுது அடக்கினார்கள். அந்தக் காட்சிகளின்போது எங்கள் ஹோலில் யாரும் பேசவில்லை.

திரையின் அடியில் ஓடிய ஆங்கில எழுத்தை உம்மாவால் வாசிக்க முடியாது. என் மகள் வாசித்து, கையோடு தமிழில் சொல்வாள், சிலவேளை தன்பாட்டில் ஏதாவது சேர்த்தும் சொல்வாள். “மகன், கோவத்தோட எழும்பிப் போகாதீங்க, ஒருக்கா உக்காருங்க” என்று ஹைமே தாய் எங்கள் வீட்டுத் தமிழில் பேசினார். உம்மா அவருக்குப் பதிலும் சொன்னார். எந்த நிலையமும் தயாரிக்காத ஒரு முஸ்லிம் தமிழ்த் தொடர் அந்த ரமழான் முழுக்க எங்கள் ஹோலில் நடந்தது. அதன் வசனகர்த்தாவுக்கு வயது பன்னிரண்டு.

இது புதிய ஆற்றலல்ல. எங்கள் வாப்பாமார் காலத்தில், 1970களில், இலங்கை வானொலியில் ‘கோமாளிகள் கும்மாளம்’ ஒலித்தது. எஸ். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழ் பேசினார். பி. எச். அப்துல் ஹமீத் ஐயராக வந்தார். டி. ராஜகோபாலிடமிருந்து யாழ்ப்பாணத் தமிழும், உபாலியாக வந்த செல்வசேகரனிடமிருந்து சிங்களம் கலந்த தமிழும் வந்தன. 1976 இல் அது ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் ஆனது. ராம்தாஸ் மரிக்காராகவும் ஹமீத் ஐயராகவும் மாறிக்கொண்டதை இன்று நினைத்தாலும் மனம் நிறைகிறது. அங்கே எங்கள் பேச்சுக்கு ஒரு நாற்காலி இருந்தது. ஆனால் அது சிரிப்பின் நாற்காலி. அதே தமிழில் ஒருத்தி அழவும், பொய் சொல்லவும், பிள்ளையின் கல்யாணத்துக்குப் பயப்படவும் முடியும். அதைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நான் இன்னும் காணவில்லை.

இதன் விலையை வகுப்பறையில் காண்கிறேன். உரையாடல் எழுதச் சொன்னால், வீட்டில் “உம்மா” என்று கூப்பிடும் பிள்ளைகள் கொப்பியில் “அம்மா, என்னை மன்னிச்சிடுங்க” என்று எழுதுகிறார்கள். பாத்திரத்தின் பெயர் பாத்திமா, பேச்சு சென்னைப் பேச்சு. இலக்கணப் பிழை எதுவும் இல்லை, எனவே நான் சிவப்பு மையால் எதையும் கீற முடியாது. ஆனால் தன் வீட்டுப் பேச்சு கதைக்கு ஆகாது என்று அந்தப் பிள்ளை எங்கோ கற்றிருக்கிறது. யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. திரையில் ஒருநாளும் அதைக் கேட்காததே போதுமாக இருந்திருக்கிறது.

எனவே, தொடர்களை விடுங்கள் என்று பெண்களிடம் சொல்வதைவிட, எழுதுங்கள் என்று இளையவர்களிடம் சொல்வது பயனுள்ளது. கூடாரமும் குதிரையும் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு, சீதனப் பேச்சு ஒன்று, பேச வாயுள்ள ஒரு மருமகள் போதும். மாமியும் கொஞ்சம் கெட்டவளாகவே இருக்கட்டும். நல்ல ‘பாய்’ ஒருவரைக் காட்டினார்கள் என்று நன்றி சொல்லிக் களைத்துவிட்டோம். எங்கள் தமிழில் பேசும் ஒரு கெட்ட மாமியைப் பற்றி எங்கள் ஹோலில் இருந்து சண்டைபிடிக்கும் இன்பமும் எங்களுக்கு வேண்டும்.