விளக்குக்குக் கொடுங்கள் காசை

மீன் தொட்டிக்குச் செலவழிக்கக் கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறதா? அதை அப்படியே விளக்குக்குக் கொடுத்துவிடுங்கள். மீன் பிறகு வாங்கலாம். கல்லும் மரக்கட்டையும் ஆற்றோரத்தில் கிடக்கும். நல்ல விளக்கு ஒன்று தொட்டிக்கு மேலே ஏறியதும் உள்ளே இருக்கிற உயிரெல்லாம் வேறு உயிராகிவிடுகிறது. கண்ணால் கண்டு சொல்கிறேன்.

எங்கள் ஊர் இலங்கையின் அக்கரப்பத்தனை. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றருக்கும் மேலே, அக்ரா ஓயா ஓடுகிற தேயிலை மலை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நண்பகலிலும் மூடுபனி வாசல் வரை வந்து நிற்கும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பித் தண்ணீருக்குள் ஒரு செடியையும் வளர்க்க முடியாது. பைப்பில் வரும் தண்ணீரோ விரலை விறைக்க வைக்கும். ஹீட்டர் போட்டு 24 பாகையில் வைத்திருக்கிறேன். இந்தக் குளிரில் எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்த மலை வரம்தான். வெயில் தொட்டியைத் தொடுவதே இல்லை என்பதால், உள்ளே விழுகிற ஒவ்வொரு துளி வெளிச்சமும் நான் தீர்மானித்த வெளிச்சம்.

தொட்டியில் இருப்பவை எல்லாம் இந்தத் தீவுக்கே உரியவை. கிரிப்ட் என்று சுருக்கி அழைக்கும் கிரிப்டோகோரைன் பேரினத்தில் வென்டி, பெக்கெட்டி, பார்வா என்று மூன்று செடிகள். இயற்கையாக முளைப்பது இலங்கையில் மட்டும். ஆனால் பண்ணைகளில் பெருக்கி, உலகமெங்கும் வீட்டுத் தொட்டிகளில் இவற்றை வளர்க்கிறார்கள். கூடவே செரி பார்ப் மீன்கள். ஈரவலயத்தின் நிழலான ஓடைகளில் வாழும் இந்தச் சின்ன மீனை 1929இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பி. ஈ. பி. தெரணியகல.

முன்பு மேலே இருந்தது சாதாரண வெள்ளை எல்இடி. இப்போது இருப்பதில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை நான்கும் தனித்தனிச் சில்லுகள். ஒவ்வொன்றையும் வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். அதைப் போட்ட முதல் மாலையில் அந்த ஆண் மீன்கள் சிவந்த சிவப்பு இருக்கிறதே! பழுப்பாகச் சுற்றிக்கொண்டிருந்த அதே மீன்கள்தான். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "புது மீனா வாங்கினே?" என்று கேட்டார்.

காரணம் தெரிந்தபோது சந்தோஷம் இன்னும் கூடியது. வெள்ளை எல்இடி என்று நாம் வாங்குவது உள்ளுக்குள் நீல எல்இடிதான். 450 நனோமீற்றர் அளவில் நீலம் விடும் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்று. இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகிறது. அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகசாகி, அமனோ, நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. மலிவான வெள்ளையில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. மீனோ தன்மேல் விழுகிற சிவப்பைத்தான் திருப்பித் தர முடியும். விழாத சிவப்பை அது எங்கிருந்து தரும்?

நிறத்தைக் காட்டுவது ஒரு வேலை, செடியை வளர்ப்பது இன்னொரு வேலை. பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் லூமன் மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் 555 நனோமீற்றர் பச்சையில்தான் மிகக் கூர்மை, அதனால் பச்சை அதிகமுள்ள விளக்கு லூமனில் முந்திக்கொள்ளும். கெல்வின் வெளிச்சத்தின் சாயலை மட்டுமே சொல்லும். செடிக்குக் கணக்கு வேறு. 400 முதல் 700 நனோமீற்றர் வரையான ஒளியில், ஒரு சதுர மீற்றர் மீது ஒரு செக்கனில் எத்தனை ஒளித்துகள் விழுகிறது என்பதுதான் அதற்குச் சாப்பாடு. பார் (PAR) என்று சொல்வது இதைத்தான்; அந்தத் துகள்களை எண்ணும் அலகு மைக்ரோமோல். கிரிப்டுக்கு 30 மைக்ரோமோல் இருந்தாலே தாராளம். சிவப்புத் தண்டுச் செடிகள் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கும்.

தேயிலை மலையில் பிறந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. நிழல் மரத்தடியில் நிற்கும் தேயிலையின் இலை அகன்று, கரும்பச்சையாக இருக்கும். ஜப்பானில் கியோகுரோ தேயிலைக்குக் கொழுந்து எடுக்குமுன் ஏறக்குறைய இருபது நாள் பந்தல் போட்டு வெயிலை மறைக்கிறார்கள்; கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ள இலை பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. என் தொட்டியிலும் அப்படியே. மங்கலான மூலையில் நிற்கும் வென்டி இலையை நீட்டிப் பச்சையாக நிற்கிறது. விளக்குக்கு நேர் கீழே நிற்பது குட்டையாக, அடர்த்தியாக, செம்புப் பழுப்பில் ஜொலிக்கிறது. இரண்டும் ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள்! அப்பா அந்த இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நிழல்ல நிக்கிறதுக்கும் வெயில்ல நிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்டா" என்றார். மலையிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வெளிச்சம் அளக்கும் எந்த மீற்றரும் வேண்டியதில்லை.

ஆனால் வெளிச்சத்தை ஒரேயடியாகக் கூட்டக் கூடாது. சூழல் சட்டென்று மாறினால் கிரிப்ட் இலைகளைக் கரைத்து உதிர்த்துவிடும். வேர் உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கும், என்றாலும் பார்க்க மனம் தாங்காது. வாரத்துக்குக் கொஞ்சமாகத்தான் கூட்டிப் போனேன். டைமரில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் செடியை விடப் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

இந்த விளக்குப் பைத்தியம் வந்த பிறகு நிலாவெளிக்குப் போய்ப் புறாத்தீவில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தேன். 2003இல் தேசியப் பூங்காவான இடம். கீழே பவளம். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அது சமைப்பதைத்தான் பவளம் பெருமளவு உண்கிறது. கடல்நீர் முதல் சில மீற்றருக்குள்ளேயே சிவப்பைக் குடித்துவிடும், நீலம்தான் ஆழத்துக்கு இறங்கும். அதனால்தான் பவளத் தொட்டி வைப்பவர்கள் 450 நனோமீற்றருக்கு அருகான நீலத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள். அந்த நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் திருப்பி விடும் புரதங்கள் பல பவளங்களில் உண்டு; தொட்டியில் அவை தணல் போல ஒளிர்வது அதனால்தான். இலங்கையில் கற்பவளங்கள் சட்டத்தால் காக்கப்பட்டவை. கடலிலேயே போய்ப் பார்ப்போம், அங்கேயே இருக்கட்டும். எனக்கு என் ஓடைச் செடிகள் போதும்.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா? கடையில் வாட் எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். 660 நனோமீற்றர் சிவப்புச் சில்லு இருக்கிறதா, நிறங்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடியுமா, விளக்கை உயர்த்தித் தாழ்த்தத் தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்றும் இருந்தால் உடனே வாங்குங்கள். வீட்டுக்கு வந்து, அறையின் மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, முதலில் சிவப்பை மட்டும் மெல்லக் கூட்டிப் பாருங்கள்.