செந்தமிழ் நழுவும் இடம்

மத்திய அலை வானொலி வீட்டுக்கு வீடு முழங்கிய காலத்தில், வேலந்தாவளத்திலோ கொழிஞ்சாம்பாறையிலோ ஒரு திண்ணையில் அமர்ந்து பெட்டியின் முள்ளைச் சற்றே திருப்பினால், 630 கிலோஹெர்ட்ஸில் திருச்சூர் மலையாளத்தில் பேசும். 999-இல் கோயம்புத்தூர் தமிழில் பேசும். இரண்டையும் யாருடைய மொழிபெயர்ப்புமின்றி உள்வாங்கிக்கொள்ளும் பாக்கியம் பாலக்காட்டு எல்லைப்புறத்துக் காதுக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது. நாவலாசிரியர்களோடும் நாடக, சினிமாக் கலைஞர்களோடும் வானொலியார் நிதானமாக நடத்தும் நெடிய சம்பாஷணைகளை ரசிப்பதற்கு அந்தக் காதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பது என் அபிப்பிராயம். சங்கீதம் கேட்க ஞானம் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் நாம், பேச்சைக் கேட்க ஒன்றுமே வேண்டாம் என்று எண்ணிவிடுகிறோம்.

முதல் ஐந்து நிமிஷங்களைப் பொறுமையோடு கழித்துவிடுங்கள். மைக்குக்கு முன் உட்காரும் எழுத்தாளர், கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் சலவை வேட்டி கட்டுவதுபோலச் செந்தமிழைக் கட்டிக்கொண்டுதான் வருகிறார். ‘எனது படைப்புகளில்’ என்றும் ‘சமுதாயத்தின் அவலங்களை’ என்றும் அவர் தொடங்குவதில் பிழை ஒன்றுமில்லை, ஆனால் அதில் அவரும் இல்லை. பிறகு, கேட்பவர் கெட்டிக்காரராக இருந்து, நாவலின் தத்துவத்தை விட்டுவிட்டு, அந்த நாவலில் வரும் கிணறு நிஜமாகவே உங்கள் ஊரில் இருந்ததா என்று சாதாரணமாக ஒரு வார்த்தை விசாரித்துவிட்டால், ‘சென்றேன்’ என்பது ‘போனேன்’ ஆகி, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரராயிருந்தால் ‘போனேனுங்க’ என்றும் ஆகி, வேட்டியின் சலவை கலைந்து மனிதர் வெளியே வருகிறார். செந்தமிழ் நழுவும் அந்த இடத்துக்காகத்தான் காத்திருக்க வேண்டும். மலையாள சம்பாஷணையிலும் இதே சம்பவம் நடக்கிறது. பத்திரிகை மலையாளம் கழன்று வள்ளுவநாட்டுப் பேச்சு தலைகாட்டும் கணத்தை, இரு மொழியும் அறிந்தவர் இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்.

அடுத்து, கேள்வி கேட்பவரைக் கவனியுங்கள், பெரும்பாலோர் கவனிப்பதேயில்லை. கேள்விக்குள்ளேயே விடையையும் வைத்து நீட்டி, ‘ஆமாம்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் விருந்தாளிக்கு விட்டுவைப்பவர்கள் நம்மிடையே அதிகம். லண்டன் பி.பி.சி.யில் 1942-இல் ராய் ப்ளம்லி என்பவர் ஆரம்பித்த ஒரு நிகழ்ச்சியில், தனித்தீவில் ஒதுங்க நேர்ந்தால் எந்த எட்டு இசைத்தட்டுகளைக் கொண்டுபோவீர்கள் என்பதே பிரதான கேள்வி. இசைத்தட்டைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு வந்தவர் தம் தாயாரைப் பற்றியும் முதல் காதலைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார். நல்ல கேள்வி பக்கவாட்டில்தான் நுழைகிறது. அதைவிடவும் அரிது, கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருக்கும் சாமர்த்தியம். அச்சிட்ட பேட்டியில் மௌனத்துக்கு மூன்று புள்ளிதான் மதிப்பு. வானொலியிலோ அது மூச்சு, நாற்காலியின் கிரீச்சு, தொண்டையைச் செருமும் ஓசை என்று பிரத்தியட்சமாகக் கேட்கிறது. ஒலி நின்றுவிட்டதோ என்று மிரண்டு அந்த மௌனத்தை உடனே ஒரு ‘அருமை’யால் அடைத்துவிடும் பேட்டியாளரை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

நாடகக்காரர்களின் விஷயம் தனி. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்ட வேண்டும் என்று சிறுவயதிலேயே பழக்கப்பட்ட குரல், ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மைக்கை மதிப்பதில்லை, ஆரம்பத்தில் முழங்கும். வடவன்னூரில் தாய்வழி வேர்கொண்ட எம்.ஜி.ஆர். போன்றவர்கள் ஏறிவந்த பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி அப்படிப்பட்டது. வாத்தியாரிடம் பட்ட அடியையோ கம்பெனிச் சாப்பாட்டையோ நினைவுகூரும்போது அந்தக் குரல் தானாகவே மைக்கின் அளவுக்குத் தாழ்ந்துவிடும். கடைசி வரிசையை மறந்து, எதிரே இருப்பவர் ஒருவருக்காகப் பேசும் குரல் அது.

எச்சரிக்கையாகக் கேட்க வேண்டியவர்களும் உண்டு: வானொலியிலேயே உத்தியோகம் பார்த்த எழுத்தாளர்கள். தி. ஜானகிராமனும் அகிலனும் அகில இந்திய வானொலியில் பணியாற்றியவர்கள். மலையாளத்தின் பத்மராஜன், திரைப்படங்களை இயக்கப் புறப்படுமுன், 1965-இல் திருச்சூர் நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தவர். தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை 1977-இல் எழுதி வெளியிட்ட சிட்டியும் சோ. சிவபாதசுந்தரமும்கூட வானொலிக்காரர்களே என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. மைக்கின் சூட்சுமம் அறிந்த இத்தகையோரிடம் மொழி எளிதில் நழுவாது. சொல்லை விட்டுவிட்டு, எந்தப் பெயரை உச்சரிக்கையில் அவர்களுடைய வேகம் குறைகிறது என்று பாருங்கள்.

இடுக்கி மலைகளில் கேட்பவரின் சுகம் வேறு விதமானது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏறிப்போகும் ஜனங்களுக்கு, அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜாவின் குரல் சினிமாக்காரர் குரலாக அல்ல, ‘அம்புட்டு’, ‘இம்புட்டு’ என்று பேசும் பக்கத்து வீட்டுக்காரர் குரலாகவே கேட்கும். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், இளையராஜாவின் தமையனார், 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாடிய தோட்டங்கள் இவை. அந்தச் சகோதரர்களைப் பற்றிய உரையாடலில் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்தின் பெயரோ மலைப்பாதையின் ஒரு வளைவின் பெயரோ வந்தால், சென்னையிலிருந்து கேட்பவருக்கு அது வெறும் பெயர். இங்கே கேட்பவருக்கு மழையும் அட்டையும் சேர்ந்தே வரும்.

ஆனால் இந்த மலைகளில் கேட்கும் பண்பலை வானொலி நேர்கோட்டில் பயணம் செய்வது. குறுக்கே ஒரு முகடு வந்தால் அறுந்துவிடும். ஆகையால் கொடைக்கானல் நிலையத்தில் நல்ல சம்பாஷணை ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் ஜீப் மலையேறினால், ஓட்டுநரிடம் சொல்லி, அடுத்த திருப்பத்துக்கு முன்னாலேயே வண்டியை ஓரமாக நிறுத்தச் செய்யுங்கள். தேயிலைத் தோட்டத்து மனிதர்கள் அப்படி நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன், வேலைக்கு நேரமாகிறது என்று அப்போது யாரும் முணுமுணுத்ததில்லை.