உரச் சோதனையில் விளைந்த ஆராய்ச்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே வரிசைப்படுத்திச் செல்வர். அவ்விஞ்ஞானி எவரிடம் ஊதியம் பெற்றார், எவருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருந்தார், காலை முதல் மாலை வரை எவ்வேலையில் அவர் கை தேய்ந்தது என்று கேட்பவர் மிகச் சிலர். மார்கரெட் ராசிட்டர் என்னும் அமெரிக்க வரலாற்றறிஞர் அச்சிலருள் ஒருவர். லீபிக் என்ற ஜெர்மானிய இரசாயன அறிஞரின் கொள்கை 1840 முதல் 1880 வரை அமெரிக்க மண்ணில் எவ்வாறு வேரூன்றியது என்பதை, 'வேளாண் விஞ்ஞானத்தின் தோற்றம்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் அவர் ஆராய்ந்துள்ளார். நூல் வெளிவந்த ஆண்டு 1975. எனினும் இன்றும் அதற்கு ஈடாக எடுத்துக்காட்டத் தக்க நூல்கள் பல இல்லை என்றே கருதுகிறேன்.

பயிர் தனக்கு வேண்டிய தாது உப்புக்களை மண்ணிலிருந்து எடுக்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் வளங்குன்றாது. இதுவே 1840-இல் வெளிவந்த லீபிக் நூலின் சாரம். இதைக் கேட்ட அமெரிக்க உழவருக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒரு பிடி மண்ணை இரசாயன அறிஞரிடம் அனுப்பினால், மருத்துவர் சீட்டுப் போல, 'இன்ன உரம் இவ்வளவு இடுக' என்று பதில் வரும் என நம்பினர். மண் சோதனை மோகமாகவே பரவிற்று.

இம்மோகம் ஏன் பொய்த்தது? கணக்கு எளிது. ஒரு ஏக்கரில் ஏர் புரட்டும் ஆழத்துக்குள் ஏறத்தாழ 20 இலட்சம் பவுண்டு மண் உண்டு. அதில் 200 பவுண்டு குவானோ, அதாவது கடற்பறவை எச்ச உரம், இட்டால் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பயிர் அதை உணர்ந்து செழிக்கும். அக்கால இரசாயனத் தராசோ உணராது. அன்றியும் மண்ணில் சத்து இருப்பது வேறு, வேர் அதை உறிஞ்ச இயல்வது வேறு. பூட்டிய குதிரில் நெல் இருந்து பசித்தவனுக்கு என்ன பயன்? லீபிக்கே 1845-இல் விற்பனைக்கு விட்ட செயற்கை உரம், எளிதில் கரையாத வகையில் உருக்கிச் செய்யப்பட்டமையால் தோற்றது.

இந்நூலின் உயிர்நாடி மூவரின் வாழ்க்கை. யேல் கல்லூரியின் ஜான் நார்ட்டன் 1846-இல் வேளாண் இரசாயனப் பேராசிரியரானார். கல்லூரி ஊதியம் தரவில்லை. பழைய கட்டடமொன்றுக்கு வாடகையும் கொடுத்துக்கொண்டு சோதனைச்சாலை நடத்தினார். உழவர் சங்கங்களில் பேசினார். 1850-இல் பள்ளிகளுக்கேற்ற வேளாண் பாடநூல் எழுதினார். 1852-இல், முப்பதாம் வயதில், மறைந்தார். இவர் வரலாற்றைப் படிக்கும் ஆசிரியர் எவரும் சற்றுநேரம் புத்தகத்தை மூடிவைப்பர். ஹார்வர்டின் ஹார்ஸ்ஃபோர்டு லீபிக்கிடமே பயின்றவர்; ஆயினும் அவர் பெயர் நிலைத்தது ரொட்டி உப்பச் செய்யும் மாவினால். அவரை வழி தவறியவர் என்று சொல்லத் தோன்றும். நான் அதை ஒப்பேன். உழவரும் கல்லூரியும் சோறு போடாத தொழிலில் எத்தனை ஆண்டு நிற்பார் ஒருவர்?

மூன்றாமவரான சாமுவேல் ஜான்சனே வென்றவர். மண் சோதனையின் நடைமுறைப் பயன் மிகச் சிறிது என்று அவர் வெளிப்படையாக எழுதினார். உழவர் விரும்பிக் கேட்ட ஒன்றை, அதனால் கூலி பெறக்கூடிய இரசாயனரே மறுப்பது எளிய செயலன்று. அதற்கு மாறாக, தம்மால் ஐயமறச் செய்யக்கூடிய ஒன்றை அவர் மேற்கொண்டார். சந்தையில் விற்ற உர மூட்டைகளை ஆராய்ந்து, எதில் சரக்குண்டு, எது வெறுங்குப்பை என்று 1850களிலேயே கனெக்டிகட் உழவருக்கு அறிவித்தார். அதனால் நம்பிக்கை பிறந்தது. 1875-இல் அம்மாநிலம் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கிற்று. அது 1877-இல் நியூ ஹேவனுக்கு மாறியபோது ஜான்சன் அதன் தலைவரானார்.

நூலாசிரியரின் எல்லையான 1880-க்கு அப்பால் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இச்செயலின் பெருமை முழுமையாக விளங்கும். 1887-இன் ஹாட்ச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் வழங்கி இத்தகைய நிலையங்களை நாடெங்கும் பரப்பியது. உரமூட்டை சோதித்த அதே நியூ ஹேவன் நிலையத்தில்தான் தாமஸ் ஆஸ்பர்ன் (ஜான்சனின் மாணவர், பின்னர் மருமகன்) விதைப் புரதங்களை ஆராயத் தொடங்கினார். அவரும் மெண்டலும் எலிகளை வளர்த்துச் செய்த சோதனைகள், ஏ உயிர்ச்சத்தை அறியும் வழியை 1913-இல் திறந்தவற்றுள் சேர்ந்தவை. நூல் 1880-இல் நின்றுவிடுவது, கதிர் முற்றுமுன் வயலைவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

மற்றொரு குறையும் உண்டு. தலைப்பு வேளாண் விஞ்ஞானம் என்கிறது. உள்ளே இருப்பது வேளாண் இரசாயனம். மூவருள் இருவர் யேல், ஒருவர் ஹார்வர்டு. மூவரும் கிழக்குக் கரையோரத்தவர். 1862-இன் மோரில் சட்டம் நில வருவாயால் வளர்த்த மேற்குக் கல்லூரிகளில் உழைத்தோர், இந்த மூவரின் நிழலில் அடங்கக் கூடியவரல்லர். 1879-இல் மிச்சிகன் வேளாண் கல்லூரியின் தாவரவியலாசிரியர் வில்லியம் பீல் 20 புட்டிகளில் களைவிதைகளை மணலோடு கலந்து, வாய் சாய்த்து, மண்ணில் புதைத்தார். களைவிதை எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பது உழவருக்கு வேண்டிய கேள்வி. விடையோ அவர் ஆயுளுக்குள் வாராதது. ஐந்தாண்டுக்கு ஒன்றாக எடுக்கத் திட்டமிட்டிருந்ததைப் பின்வந்தோர் இருபதாண்டுக்கு ஒன்றாக நீட்டினர். 2021-இல், விதைகளின்மேல் வெயில் படாதிருக்க விடியுமுன் தோண்டி எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. இன்னும் நான்கு புட்டிகள் மண்ணுக்குள் இருக்கின்றன. கடைசிப் புட்டி 2100-இல் வெளிவரும்.